மார்கழியில் போன பட்டம்

டுசல்டோர்ஃபில் ஆற்றைப் பார்த்த ஒரு கட்டடம். நான்காம் மாடி. கண்ணாடி மேசையின் மேல் நான்கு கோப்பைகளில் தேநீர். லண்டனிலிருந்து வந்திருந்த சட்டத்தரணி ஹோல்ட் அம்மையார் தேயிலைப் பைகளைத் தன்னுடனேயே கொண்டுவந்திருந்தார். ஜெர்மன்காரர் போடும் தேநீரில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

எனக்குப் பக்கத்தில் கௌசி. அவளுக்கு அப்பால் அவளுடைய இளைய மகன் கவின். டிரெஸ்டனில் படிக்கிறவன். அன்றைக்கென்று சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான்.

நான் மொழிபெயர்ப்பாளன். அகதி விசாரணை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று தமிழையும் ஜெர்மனையும், வேண்டியபோது ஆங்கிலத்தையும் ஒன்றுக்குள் ஒன்று ஊற்றிப் பிழைப்பவன். கௌசிக்கு உண்மையில் நான் தேவையே இல்லை. ஆங்கிலேயக் கணவன் ஹியூவோடு ஏறக்குறைய இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு எந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும்? ஆனால் அவள் சொல்லிவிட்டாள்: “இந்த விசயத்தை நான் தமிழிலைதான் கதைப்பன். நீங்கள் வாங்கோ அண்ணை.”

ஹோல்ட் ஒரு தாளை மேசைக்குக் குறுக்கே தள்ளினார்.

“முழுக்க வேண்டாம் அண்ணை. அந்த ரெண்டாவது வரியை மட்டும் தமிழிலை சொல்லுங்கோ.”

சொன்னேன். “பதிவு நடந்த நாளுக்கு முன்னர் எனக்கும் ஹியூவுக்கும் இடையில் எந்தத் திருமணமும் நடைபெறவில்லை என்று இதனால் உறுதி கூறுகிறேன்.”

கௌசி பேனாவை மூடினாள்.

“அண்ணை, அண்டைக்கு நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

“உங்கள் ரெண்டு பேருக்கும் பக்கத்திலை.”

“பேந்து எப்பிடி இதை வாயாலை சொல்லுறியள்?”

“நான் சொல்லேல்லை பிள்ளை. வாசிச்சனான்.”

அந்த வரிக்குக் கீழே அவள் கையெழுத்து வைத்தால், கவினுக்கு ஓர் ஆங்கிலப் பிரபுவின் பட்டமும், மலைச்சரிவில் நிற்கும் பெரிய வீடும், அதைச் சுற்றியுள்ள காணிகளும் போய்ச் சேரும். வைக்காவிட்டால் எல்லாம் நீதிமன்றத்துக்குப் போகும். எத்தனை வருடம் கிடக்கும் என்று ஹோல்டுக்கே தெரியாது. வைத்தாலோ, தான் தாலி கட்டி முடித்தவளல்ல, மூத்த மகன் நிமலன் கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

அந்த அறையில் நடந்ததைச் சொல்வதற்கு முன் ஹியூவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாண்புமிகு ஹியூ

நான் ஹம் நகருக்கு வந்த புதிதில், மாலை வகுப்புகள் நடக்கும் ஒரு பழைய கட்டடத்தில் நானும் கௌசியும் ஜெர்மன் படித்தோம். எங்கள் அறைக்கு அடுத்த அறையில் ஓர் ஆங்கிலேயன் ஜெர்மன்காரருக்கு ஆங்கிலம் படிப்பித்தான். முழங்கையில் நூல் பிரிந்த கம்பளிச் சட்டை. மழையிலும் சைக்கிள். பேக்கரிக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்ததால், கிட்டப் போனால் பாண் மணக்கும்.

இடைவேளையில் தேநீர் இயந்திரத்துக்கு முன்னால் வரிசை. அந்த வரிசையில்தான் அவனும் கௌசியும் பேசத் தொடங்கினார்கள். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஜெர்மன் மொழியில். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் தமிழையும் பிடித்துக்கொண்டான். “ஓம் ஓம்” என்று அவன் தலையாட்டும்போது ஊரில் யாரோ ஒரு தபால்காரர் தலையாட்டுவது போலிருக்கும்.

அவன் ஒரு பிரபுவின் மகன் என்பது நெடுநாள் எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் அவனுக்கு வந்த கடித உறையில் பெயருக்கு முன்னால் ஒரு சொல் இருந்தது. தமிழில் என்ன என்று கேட்டான். “மாண்புமிகு” என்றேன். எங்கள் பத்திரிகைகளில் அதை மந்திரிமாருக்குத்தான் போடுவார்கள் என்றும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து அவன் எங்களுக்கு மாண்புமிகு ஹியூ. ரயில் சீட்டு எடுக்க மறந்து அபராதம் கட்டிய நாளிலும் மாண்புமிகுதான்.

“இளைய மகனுக்குக் கிடைக்கிறது அந்த ஒரு சொல் மட்டும்தான்” என்றான். “வீடு, காணி, பட்டம் எல்லாம் அண்ணனுக்கு.”

எனக்கு அது புதுமையாக இருந்தது. எங்களில் காணியைப் பங்கு போடுவார்கள். வேலிக்கு வழக்குப் போட்டாலும் பங்கு பங்குதான். அவர்களுடையதோ ஒற்றையடிப் பாதை. ஒரு தலைமுறைக்கு ஒருவன்தான் அதில் நடக்கலாம். மூத்த மகன், அவனுடைய மூத்த மகன், ஆண்பிள்ளை இல்லையென்றால் அடுத்த தம்பி, அவனுடைய மூத்த மகன். பெண்பிள்ளைகள் பாதையோரம் நின்று பார்க்கலாம். தத்துப்பிள்ளைக்கு இல்லை. பெற்றோரின் கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு இல்லை. பிறகு அவர்கள் முடித்துக்கொண்டாலும் பட்டத்தில் அவனுக்கு இல்லை. உயில் எழுதி இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. விற்கவும் முடியாது. ஒருவர் கண்ணை மூடியதும் மழை மாதிரி அடுத்த தலையில் விழும். குடை பிடித்தாலும் விழும்.

ஜெர்மனியில் இதெல்லாம் முதலாவது பெரும் போருக்குப் பிறகு குடும்பப் பெயருக்குள் சுருங்கிப் போயிற்று. கௌசி தாதியாக வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு சீமாட்டி இருக்கிறார். பட்டம் அவருடைய கதவுப் பலகையில் பெயருக்கு நடுவே, இடம் போதாமல், சுருக்கெழுத்தாக நிற்கிறது. கௌசி உள்ளே போய் மாத்திரையைக் கொடுத்து, விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள்.

ஆவணியில் ஒரு மண்டபம்

கௌசி ஹியூவைக் கல்யாணம் முடிக்கப் போகிறாள் என்றதும் ஊரில் தகப்பன் பேச்சை நிறுத்தினார். அவளுக்கென்று சொல்லி வைத்திருந்த சீதன வீட்டைத் தங்கைக்கு எழுதினார். தாய் மட்டும் தொலைபேசிக் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, ரகசியமாகக் கதைப்பார்.

ஹம்மில் இருந்த எங்கள் சனம் அதைவிட மோசம். “அவள் ஒரு வெள்ளையோடை இருக்கிறாள்” என்றார்கள். அந்த “இருக்கிறாள்” கௌசியைச் சுட்டுவிட்டது.

“இருக்கிறாள் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது அண்ணை. முடிச்சவள் எண்டு சொல்லோணும். ஒண்டும் குறைக்காமல் செய்வம். எல்லாரும் வந்து வடிவாப் பாக்கட்டும்.”

ஒன்றும் குறைக்கவில்லை. தேவாலயத்துக்குச் சொந்தமான சமூக மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மணவறைக்கு ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகை வெட்டித் தங்கப் பேப்பர் ஒட்டினோம். ஐயர் வேறு நகரத்திலிருந்து ரயிலில் வந்தார். ஓமம் வளர்த்தபோது கூரையிலிருந்த புகை மணி அலறத் தொடங்கிவிட்டது. மண்டபக் காவலாளி ஏணியோடு ஓடிவந்து, மணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிவரை நின்று பார்த்தார்.

எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளைத் தோழனாக நிற்பான். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்து வருவான். அதற்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடுவார். கௌசியின் சொந்தத் தம்பி அப்போது ஊரில். ஆகவே நான் நின்றேன். செம்பிலிருந்த தண்ணீரை ஊற்றியதும் ஹியூ கூச்சத்தில் நெளிந்தான். “என் வீட்டில் ஒருவரும் எனக்கு இதைச் செய்ததில்லை” என்றான். நான் கழுவியது ஒரு பிரபு குடும்பத்துக் கால் என்று பிறகு பெருமை பேசித் திரிந்ததுண்டு. குதிகால் வெடித்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஹியூவின் அண்ணன் வந்திருந்தார். அப்போதே அவர்தான் பிரபு. பிளாஸ்டிக் கதிரையில் முழங்காலில் கைவைத்து உட்கார்ந்து, நாதஸ்வர ஒலிப்பதிவை வெகு கவனமாகக் கேட்டார். தாலி கட்டும்போது எல்லோரும் அரிசி போட, அவரும் எழுந்து நின்று போட்டார். பாயாசத்தைக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினார்.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கல்யாணம் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சனம் வாயை மூடியது. “இருக்கிறாள்” என்ற சொல் ஹம்மைவிட்டுப் போனது.

தை பிறக்கட்டும்

ஆனால் ஜெர்மனியில் ஐயரும் பாதிரியாரும் செய்கிற கல்யாணம் சட்டத்துக்குக் கணக்கில்லை. ஸ்டாண்டஸ்அம்ட் எனப்படும் பதிவு அலுவலகத்தில் அதிகாரிக்கு முன் கையெழுத்து வைத்தால்தான் கணக்கு. அதற்குக் கௌசியின் பிறப்புச் சான்று வேண்டும், முன்பு கல்யாணம் ஆகவில்லை என்ற சான்று வேண்டும், முத்திரை வேண்டும், முத்திரைக்கு முத்திரை வேண்டும். யாழ்ப்பாணத்தில் அப்போது போர், அரசாங்க அலுவலகமான கச்சேரி ஒருநாள் திறக்கும், ஒருநாள் திறக்காது. பாதையே திறக்காத நாட்களும் உண்டு. கடதாசிகள் வந்து சேர அடுத்த வருடம் கார்த்திகை ஆகிவிட்டது. கௌசி அப்போது நிறைமாதத்துக்குக் கிட்ட.

அலுவலகத்தில் நல்ல மனுசி ஒருத்தி இருந்தாள். வயிற்றைப் பார்த்துவிட்டு உடனே தெர்மின், அதாவது பதிவுக்கு ஒரு நாள், குறித்துத் தந்தாள். அந்த நாள் மார்கழியில் விழுந்தது.

கௌசி தாயிடம் தொலைபேசியில் சொன்னாள். தாய் பதறிவிட்டார். “மார்கழியிலை நல்ல காரியத்துக்குக் கையெழுத்து வைக்கிறதே? வேண்டாம் பிள்ளை. தை பிறக்கட்டும். நீ முடிச்சவள்தானே, என்ன அவசரம்?”

எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. தாலி கழுத்தில் இருக்கிறது. மிச்சம் அலுவலக வேலை. தண்ணிக் கட்டணம் கட்டுவது போல. அதை எந்த மாதத்தில் செய்தால் என்ன? நல்ல மாதத்திலேயே செய்வோமே.

ஹியூவிடம் கேட்டார்கள். “எனக்கென்ன, சிம்மாசனமா காத்திருக்குது?” என்றான். அலுவலகத்துக்குத் தானே போய், எங்கள் நாட்காட்டியில் இந்த மாதம் சரியில்லை என்று விளக்கி, தெர்மினைத் தள்ளிப்போட்டு வந்தான். அந்த மனுசி விசித்திரமாகப் பார்த்தாளாம்.

நிமலன் பொறுக்கவில்லை. மருத்துவர் சொன்ன நாளுக்கு முந்தி, மார்கழி முடியுமுன்னே, பனி கொட்டிய ஒரு காலையில் பிறந்தான். மாசி பிறந்த பிறகு, பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, அவனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார்கள். படத்தில் அவன் அதிகாரியின் மேசையில், ரப்பர் முத்திரைக்குப் பக்கத்தில், வாயைத் திறந்து கொட்டாவி விடுகிறான்.

கவின் பிறந்தது அதற்குச் சில வருடங்களின் பின்னர்.

கல்யாண நாளை அவர்கள் ஒவ்வொரு வருடமும் ஆவணியில்தான் கொண்டாடினார்கள். பதிவு செய்த நாளை ஒருவரும் நினைவில் வைக்கவில்லை. அந்த வீட்டில் அப்படியொரு நாளே இல்லை.

வீடு யாருக்கு

ஹியூ சில வருடங்களுக்கு முன்னர் இறந்துபோனான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியேறியவன் பாதியில் உட்கார்ந்தான், எழும்பவில்லை. பிரபு ஆகாமலே போன பிரபுவின் தம்பி.

பிறகு அண்ணனும் போனார். அவருக்கு ஒரே ஒரு மகள். பெயர் அலிஸ். அந்த வீட்டிலேயே பிறந்து, தகப்பனைக் கடைசிவரை பார்த்து, ஆடுகளையும் குத்தகைக்காரரையும் சமாளிப்பவர். பெண் என்பதால் பட்டம் அவருக்கு வராது. வீடும் காணியும் பட்டத்தின் பின்னாலேயே போக வேண்டும் என்று எந்தக் காலத்திலோ கட்டி வைத்துவிட்டார்கள். ஆகவே அவை ஹம்மில் கௌசியின் மூன்றாம் மாடி வீட்டைத் தேடிக்கொண்டு வந்தன.

கௌசிக்கு முதலில் கோபம் வந்தது அலிஸுக்காகத்தான்.

“பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு இல்லையெண்டா இது என்ன சனம்? எங்கடை தேசவழமைச் சட்டத்திலை தாயின்ரை வீடு பெட்டைக்குத்தானே. எங்களுக்குச் சட்டம் படிப்பிக்க வந்த ஆக்கள்!”

“உனக்கும் வீடு கிடைக்கேல்லையே” என்றேன்.

“எனக்குக் கிடைக்காதது கோவத்திலை. இவளுக்குக் கிடைக்காதது சட்டத்திலை. கோவம் ஆறும் அண்ணை.”

தகப்பனின் கோபம் ஆறியதா என்று நான் கேட்கவில்லை. அலிஸ் இன்றுவரை அந்த வீட்டில்தான் இருக்கிறார். அது கவினின் நல்ல மனத்தாலா, சொத்தை நிர்வகிக்கும் அறங்காவலர்களுக்கு வேறு ஆள் கிடைக்காததாலா, எனக்குத் தெரியாது.

செய்தி ஹம் முழுக்கப் பரவியது. தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கப் போன கௌசியை, “வாங்கோ லேடி!” என்று வரவேற்றார் கடைக்கார ராசு அண்ணை.

“எனக்கு ஒண்டும் இல்லை அண்ணை. அவர் பிரபு ஆகேல்லை. தாய்க்குப் பட்டம் வராது. முருங்கைக்காயை நிறுங்கோ.”

“அப்ப மூத்த பெடியன்தான் லோர்ட்?”

அந்தக் கேள்விக்குத்தான் ஹோல்டிடமிருந்து தொலைபேசி வந்தது. இரண்டு பிறப்புச் சான்றுகளையும் பதிவுச் சான்றையும் அவர் பார்த்துவிட்டார். நிமலன் பதிவுக்கு முந்திப் பிறந்துவிட்டான். ஒரே ஒரு கேள்வி. பதிவுக்கு முன்னர் உலகத்தில் வேறெங்காவது, அந்த நாட்டுச் சட்டம் ஏற்கும்படி, கல்யாணம் நடந்ததா?

ராசு அண்ணைக்கு இது தெரிந்ததும் யோசனை சொன்னார். இதே தாலியை யாழ்ப்பாணத்தில் கட்டியிருந்தால் சட்டப்படி செல்லும், பதிவுகூட வேண்டாம். உண்மைதான், ஹோல்டும் பிறகு அதையே சொன்னார். “ஊரிலை ஒரு ஐயரைப் பிடிச்சுக் கடிதம் எடுப்பம். கலியாண அல்பத்தைப் பாத்து ஆர் கண்டுபிடிக்கிறது, மணவறை ஹம்மிலையோ சுன்னாகத்திலையோ எண்டு?”

“அண்ணை, அந்த நேரம் நான் அகதியா அசூல் கேட்டு இருந்தனான். ஊருக்குப் போனா உயிர் போகும் எண்டு எழுதிக் குடுத்தனான். ஹம்மைத் தாண்டவே கடதாசி வேணும். இப்ப ஊரிலை போய்க் கலியாணம் முடிச்சனான் எண்டு சொன்னா, மகன் லோர்ட் ஆவான், நான் கள்ளி ஆவன்.”

ராசு அண்ணை முருங்கைக்காயை நிறுத்தார்.

நிமலன் கூரை வேலைக்காரன். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து, ஹம்மிலேயே ஒரு சின்னக் கம்பனியில் ஓடு மாற்றுகிறான். பெரியப்பா இருந்த காலத்தில் கோடை விடுமுறைக்குப் போய் அந்தப் பெரிய வீட்டின் கூரையில் ஏறியிருந்தவன் அவன்தான். எந்த மூலையில் ஈயத்தகடு வெடித்திருக்கிறது, எந்த அறையில் வாளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவனுக்கு ஆசை இருந்தது. அவன் அதை வாயால் சொன்னதில்லை. படங்களாக எடுத்து வைத்திருந்தான். எல்லாம் கூரையின் படங்கள்.

ரயிலில் கவின்

டுசல்டோர்ஃபுக்குப் போகும் வட்டார ரயிலில் கௌசி ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தாள். முதல்நாள் இரவுக் கடமை. நானும் கவினும் எதிர் இருக்கையில்.

டிரெஸ்டனில் அவன் தமிழ்நாட்டுப் பையன்கள் மூவரோடு ஒரே வீட்டில் இருக்கிறான். அவர்களிடம் சொல்லிவிட்டானாம். இப்போது குப்பை கொட்டுகிற முறை இவனுக்கு வந்தால் கதவைத் தட்டுகிறார்கள்: “மை லார்ட், குப்பை வெயிட்டிங். ரொம்ப நாத்தம் அடிக்குது, மை லார்ட்.”

சிரித்தோம். பிறகு அவன் தாயைப் பார்த்தான். நித்திரைதான் என்று உறுதி செய்துகொண்டான்.

“மாமா, நான் எல்லாரிட்டையும் சொல்லுறது இது விசர் வேலை, இந்தக் காலத்திலை பிரபு என்ன பிரபு எண்டு.”

“ஓம், கேட்டிருக்கிறன்.”

“உண்மையா எனக்கு விருப்பம் மாமா.”

ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு தொடர்ந்தான்.

“பட்டம் இல்லை, அந்த வீடு. அப்பா சின்னனிலை ஏறின மரம் நிக்குது. அண்ணாக்கும் விருப்பம், எனக்குத் தெரியும். அண்ணா எடுத்தா நான் சந்தோசமா விடுவன். ஆனா அண்ணாக்கு ஏலாது எண்டா... ரெண்டு பேருக்கும் இல்லாமல் போகோணுமோ?”

“அம்மாட்டைச் சொன்னனியோ?”

“எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் கலியாணம் முடிக்கேல்லை எண்டு எழுதுங்கோ, எனக்கு வீடு வேணும் எண்டோ?”

வெளியே வயல்கள், பிறகு சுரங்கக் கோபுரங்கள், பிறகு சுவரெழுத்துகள் ஓடின. கௌசியின் கண்கள் மூடியே இருந்தன. ஆனால் அவளுடைய கை கைப்பையின் பட்டியைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. நித்திரையில் கை அப்படிச் செய்யாது.

மீண்டும் அந்த மேசை

பேனா மூடியபடி கிடந்தது. ஹோல்ட் பொறுமையானவர். என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீங்கள் மொழிபெயர்ப்பாளரா, சகோதரரா?”

“இரண்டும்.”

“இரத்த உறவா?”

“தண்ணீர் உறவு” என்று சொல்லவந்து, அடக்கிக்கொண்டேன். “இல்லை” என்றேன்.

அவர் கௌசியிடம் திரும்பினார். மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டார். மண்டபத்தில் சடங்கு நடந்த நாளில், அதுவே சட்டப்படியும் போதும் என்று நம்பினீர்களா? அல்லது பதிவும் வேண்டும் என்று தெரியுமா?

நான் தமிழில் சொன்னேன்.

“தெரியும். தெரிஞ்சபடியாத்தான் தெர்மின் எடுத்தனாங்கள்” என்றாள் கௌசி.

ஹோல்ட் ஒரு கணம் எழுதாமல் இருந்தார். பிறகு எழுதினார். தெரியாது என்று சொல்லியிருந்தால் மூத்தவனுக்காக வாதாட ஒரு சின்னச் சந்து இருந்திருக்கும் என்று பிறகு, கோட்டு மாட்டும்போது, எனக்குச் சொன்னார். அப்போது சொல்லியிருந்தாலும் கௌசியின் பதில் மாறியிருக்காது. வேலைத்தலத்தில் கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக ஒருநாளும் கையெழுத்து வைக்காதவள் அவள்.

கௌசி தொலைபேசியை எடுத்து நிமலனை அழைத்தாள். ஒலியைத் திறந்து மேசையில் வைத்தாள். காற்று இரைந்தது.

“அம்மா, நான் கூரையிலை நிக்கிறன். கெதியாச் சொல்லுங்கோ.”

“இறங்கிப் பேந்து எடு.”

“பரவாயில்லை, கயிறு கட்டித்தான் நிக்கிறன். சொல்லுங்கோ.”

“உன்னை வாரிசா எழுதேலாதாம்.”

தூரத்தில் யாரோ ஜெர்மனில் சுத்தியல் கேட்டார்கள்.

“தெரியும் அம்மா” என்றான் நிமலன். “இணையத்திலை பாத்தனான். எப்பவோ பாத்தனான்.”

“என்னட்டை ஏன் சொல்லேல்லை?”

“சொல்லி? நீங்கள் அழுவியள். தம்பி பக்கத்திலையோ?”

“இருக்கிறன்” என்றான் கவின்.

“நீ எடு. வடக்குப் பக்கக் கூரையை முதல் செய்யோணும். மழைக்கு முதல். ஓட்டை இருக்கிற இடத்தை நான் காட்டுறன்.”

“அண்ணா...”

“அம்மா, ஒண்டே ஒண்டு. அப்பாவும் நீங்களும் அண்டைக்குக் கலியாணம் முடிக்கேல்லை எண்டு மட்டும் எழுதிப் போடாதேங்கோ. மற்றது என்னவோ எழுதுங்கோ. வைக்கிறன், ஆள் கூப்பிடுறான்.”

வைத்துவிட்டான்.

கவின் எழுந்து கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றான். கீழே ஆற்றில் ஒரு சரக்குப் படகு மணலை ஏற்றிக்கொண்டு போனது. ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை.

கௌசி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த இரண்டாவது வரியில் விரலை வைத்தாள்.

“அண்ணை, இவவிட்டைக் கேளுங்கோ. இவவுக்கு வேண்டியது சட்டம்தானே? அண்டைக்கு நடந்ததைச் சட்டம் ஏற்கேல்லை எண்டு எழுதட்டும். அது உண்மை, நான் கையெழுத்து வைக்கிறன். கலியாணம் நடக்கேல்லை எண்டு எழுத ஏலாது. நடந்தது.”

கேட்டேன். ஹோல்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். “முடியும்” என்றார். “சட்டம் ஏற்கும் வேறு திருமணம் இருக்கவில்லை என்று மாற்றலாம். எங்களுக்கு அது போதும்.”

“இன்னும் இருக்கு. அதுக்கு முன்னாலை ஒரு வரி வரோணும். நான் சொல்லுறன், நீங்கள் எழுதுவியுங்கோ.”

அவள் சொல்ல, நான் ஆங்கிலமாக்க, ஹோல்ட் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் இரக்கத்தோடுதான் சொன்னார்: “அந்த வரிக்கு எந்தப் பலனும் கிடையாது. ஒருவருக்கும் எதையும் அது பெற்றுத் தராது. வேண்டுமானால் இணைப்பாகக் கடைசியில் சேர்க்கிறேன்.”

கௌசி என்னை மொழிபெயர்க்க விடவில்லை. அன்றைக்கு முதல்முறையாக அவளே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், ஹியூவிடம் படித்த ஆங்கிலத்தில். இது எங்கள் மூத்த மகனைப் பற்றியது, ஆகவே முதலில் வரும் என்றாள்.

பிறகு என்னிடம் திரும்பினாள். “பலன் இல்லாட்டிப் பரவாயில்லை அண்ணை. மூத்தது முன்னுக்கு நிக்கட்டும்.”

ஹோல்ட் கணினியைத் தன் பக்கம் திருப்பித் தட்டத் தொடங்கினார். மூலையிலிருந்த இயந்திரம் சூடாகிப் புதிய தாளைத் துப்பியது. கவின் போய் எடுத்தான். நின்றபடியே வாசித்தான். வாசித்துவிட்டுத் தாளைத் தாயின் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தான்.

முதல் வரி இப்படி இருந்தது: “ஓர் ஆவணி மாதத்தில், ஹம் நகரில், உறவினரும் நண்பரும் கூடிய சபையில், ஹியூ எனக்குத் தாலி கட்டி என்னைத் திருமணம் செய்தார், எங்கள் மூத்த மகன் நிமலன் அந்தத் திருமணத்தில் பிறந்தவன்.”

அதற்குக் கீழே, ஒரு வரி இடைவெளி விட்டு, சட்டம் கேட்ட வாக்கியம்.